அளந்து போடுவதும் பாசம்தான்

லேப்ரடார் வளர்க்கிற எந்த வீட்டிலும் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். "பாவம், வாயில்லா ஜீவன். பசிக்குதுன்னு வாய்விட்டுக் கேட்குமா?" என்று சொல்லிக்கொண்டே யாராவது தட்டிலிருந்து ஒரு விள்ளல் பிய்த்துப் போடுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவர் வருவார், அவர் பங்குக்கு அவரும் போடுவார். ஒவ்வொருவர் கொடுப்பதும் துளிதான். மொத்தமாகச் சேர்த்துப் பார்க்க அங்கே ஆள் இல்லை. நாய் குண்டாவது பெரும்பாலும் இப்படித்தான். அதனால் அதை இளைக்க வைப்பதும் ஒருவர் வேலையாக இருக்க முடியாது, வீடே சேர்ந்து செய்ய வேண்டியது. இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்கிற விவரம்.

எங்கள் ஜூலி திருச்சியில் பெரியம்மா வீட்டில் வளர்ந்தவள். பெரியம்மாவும் பெரியப்பாவும் மகனோடு இருக்க பெங்களூருக்குப் போனபோது சென்னைக்கு எங்களிடம் வந்தாள். ஆறு வயது, மஞ்சள் நிற லேப், 39 கிலோ. பெண் லேப்ரடாருக்கு 25 முதல் 32 கிலோ வரை சரியான எடை. ஜூலியின் எலும்பு வாகுக்கு 30 கிலோ போதும் என்றார் டாக்டர். மாடிப்படியில் நாலு படி ஏறுவதற்குள் நின்று மூச்சு வாங்கினாள். படுத்து எழுந்திருக்கும்போது முன்னங்காலை ஊன்றிக்கொண்டு, பின்னங்கால்களை ஒன்றன்பின் ஒன்றாக இழுத்து வைத்தாள். மூட்டுவலிக்கு மாத்திரை கேட்டதற்கு, "தர்றேன். ஆனா மாத்திரையைவிட முக்கியம், முதல்ல அந்த ஒன்பது கிலோவை இறக்குங்க" என்றார்.

அவர் சொன்னதற்குப் பின்னால் வலுவான ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் பூரினா நிறுவனம் 48 லேப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஆயுள் முழுக்கக் கவனித்தது. ஜோடியில் ஒன்றுக்குக் கொடுத்ததைவிட இன்னொன்றுக்கு 25 சதவீதம் குறைவாக உணவு. 2002இல் வெளிவந்த முடிவுப்படி, குறைவாகச் சாப்பிட்டு ஒல்லியாக இருந்த நாய்கள் ஏறத்தாழ 13 ஆண்டுகள் வாழ்ந்தன, மற்றவை 11 ஆண்டுகளைக் கொஞ்சம் தாண்டின. மூட்டுத் தேய்மானத்துக்குச் சிகிச்சை தேவைப்பட்ட வயதும் ஒல்லி நாய்களுக்கு மூன்று ஆண்டு தள்ளிப்போனது. இரண்டாவது கூட்டத்து நாய்களும் மிதமிஞ்சிக் கொழுத்தவை அல்ல. நம் கண்ணுக்கு 'நல்லா இருக்கு' என்று தோன்றுகிற அளவில் இருந்தவை. பத்துப் பன்னிரண்டு ஆண்டே நம்மோடு இருக்கப்போகிற ஓர் உயிருக்கு இரண்டு ஆண்டு கூடுதல் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நாய் வளர்ப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கை வைத்துப் பாருங்கள்

நாய் குண்டா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். லேப் மாதிரி அடர்த்தியான ரோமம் இருந்தால் கண் ஏமாந்துவிடும். விலா எலும்பின்மேல் கையை வையுங்கள். உங்கள் வலது கையை நீட்டி, அதன் புறங்கையை இடது கை விரலால் தடவிப் பாருங்கள். எலும்பு மெல்லிசாகத் தட்டுப்படுகிறதல்லவா? நாயின் விலா அப்படித் தட்டுப்பட்டால் எடை சரி. உள்ளங்கைப் பக்கம் தடவுவதுபோல் மெத்தென்று இருந்து, அழுத்தித் தேடினால்தான் எலும்பு கிடைக்கிறது என்றால் எடை கூடுதல். முஷ்டி மடக்கினால் புடைக்கும் முட்டிகள் மாதிரி துருத்திக்கொண்டிருந்தால் எடை குறைவு. அடுத்து, நாயை நிற்க வைத்து மேலிருந்து பாருங்கள். விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்வாங்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் நெஞ்சிலிருந்து வயிறு மேல்நோக்கி ஏற வேண்டும். கால்நடை மருத்துவர்கள் இதையே ஒன்பது புள்ளி அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். நாலு, ஐந்து என்றால் சரி. அதற்கு மேல் ஒவ்வொரு புள்ளிக்கும் பத்து முதல் பதினைந்து சதவீதம் எடை கூடுதல். ஜூலி ஏழைத் தாண்டி எட்டை நெருங்கிக்கொண்டிருந்தாள்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி நாய்களை வளர்ப்பவர்களுக்கு நேர் எதிரான தொல்லை. விலா லேசாகத் தெரிந்தாலே தெருவில் போகிறவர்கள் "சோறு போடறீங்களா இல்லையா?" என்று கேட்பார்கள். வேட்டைக்கென்றே வளர்த்த அந்த இனங்களுக்கு அந்த உடல்தான் ஆரோக்கியம். அவர்கள் பேச்சைக் கேட்டுச் சோற்றைக் கூட்டிவிடாதீர்கள். கொழுகொழுவென்று இருந்தால்தான் நன்றாக வளர்க்கிறோம் என்ற நினைப்பு குழந்தைகளைப் போலவே நாய்களையும் கெடுக்கிறது.

முதலில் டாக்டர், பிறகுதான் டயட்

எடை கூடுவதெல்லாம் சாப்பாட்டால் மட்டும் அல்ல. தைராய்டு குறைந்தால் நாய் மந்தமாகும், ரோமம் மெலியும், குறைவாகச் சாப்பிட்டாலும் எடை ஏறும். நிறையத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, வயிறு மட்டும் தொங்கினால் குஷிங் நோயாக இருக்கலாம். வயிற்றில் நீர் கோத்திருப்பதும் வெளிப்பார்வைக்குக் கொழுப்பு மாதிரியே தெரியும். அரிப்புக்குத் தரும் ஸ்டீராய்டும் வலிப்புக்குத் தரும் பினோபார்பிட்டோனும் பசியைத் தூண்டும். இதையெல்லாம் பார்க்காமல் உணவை மட்டும் குறைத்தால் நோய் உள்ளுக்குள் வளர்ந்துகொண்டே போகும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற ஊர்களில் ரத்தப் பரிசோதனை வசதி உள்ள கிளினிக்காகப் பார்த்துப் போங்கள்.

ஜூலிக்குத் தைராய்டு சரியாகவே இருந்தது. ஆனால் இரண்டு வருஷம் முன்பு கர்ப்பப்பையில் சீழ் வைத்து ஆபரேஷன் செய்து எடுத்திருந்தார்கள். கருத்தடை ஆபரேஷன் ஆனாலும் சரி, இப்படி எடுத்தாலும் சரி, அதன்பின் உடம்புக்குத் தேவைப்படும் கலோரி இருபது, முப்பது சதவீதம் குறையும். பசியோ கூடும். ஆபரேஷன் செய்யாமல் இருக்க இது காரணமாகாது. செய்த மறுவாரமே உணவைக் குறைக்க வேண்டும் என்பதற்குத்தான் சொல்கிறேன்.

லேப்ரடார்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எலினோர் ராஃபன் குழுவினர் 2016இல் கண்டுபிடித்தது இது: நாலு லேப்ரடாரில் ஒன்றுக்கு பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு சிறு பகுதி இல்லை. வயிறு நிறைந்ததை மூளைக்குச் சொல்லும் ஏற்பாட்டில் அது ஒரு முக்கியமான கண்ணி. 2024இல் அதே குழு இன்னொன்றையும் காட்டியது. இந்தக் குறை உள்ள நாய்களுக்கு ஒரு வேளை உணவுக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் சீக்கிரம் பசிக்கிறது. ஓய்வாக இருக்கும்போது அவை மற்ற லேப்களைவிட 25 சதவீதம் குறைவாகவே கலோரி எரிக்கின்றன. ஆகவே "எவ்வளவு போட்டாலும் தின்னுது" என்று அதைத் திட்டிப் பயனில்லை. போதும் என்று அதற்குத் தெரியாது. அதற்குப் பதிலாக நமக்குத் தெரிய வேண்டும்.

ஒரு நாள் கணக்கு

பெரியம்மாவுக்கு போன் போட்டு, அங்கே என்ன சாப்பிட்டாள் என்று கேட்டேன்.

"அவ எங்கடி சாப்பிடறா? காலைல பெடிகிரி, அவ்வளவுதான்."

"இட்லி குடுப்பீங்களா பெரியம்மா?"

"நாங்க சாப்பிடும்போது ரெண்டு. சும்மா பாத்துக்கிட்டே நிப்பாளே."

"மத்தியானம்?"

"மோர் ஊத்திப் பிசைஞ்சு கொஞ்சம் சாதம். வெயிலுக்கு நல்லதுதானே? பெரியப்பா காபி குடிக்கறப்ப பிஸ்கட்டு குடுப்பாரு. அது அவங்க ரெண்டு பேருக்குள்ள."

எல்லாவற்றையும் எழுதிக் கூட்டினேன். பெடிகிரி 250 கிராம், 875 கலோரி. காலையும் மாலையும் நாலு நாலு குளுக்கோஸ் பிஸ்கட், 200. இட்லி இரண்டு, 110. ஒரு கிண்ணம் தயிர்சாதம், 300. தேங்காய் துருவும்போது அடுப்படியில் கிடைக்கும் சில்லுகள், 70. ராத்திரி நெய் தடவிய சப்பாத்தி ஒன்று, 125. மொத்தம் 1,680.

இப்போது அவளுக்கு எவ்வளவு தேவை என்று பார்ப்போம். இதை நீங்களே போன் கால்குலேட்டரில் போடலாம். நாய் அடைய வேண்டிய எடையை எடுத்துக்கொள்ளுங்கள், இப்போதைய எடையை அல்ல. அதை மூன்று முறை பெருக்குங்கள்: 30 × 30 × 30 = 27,000. வர்க்கமூலம் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள்: 12.8. அதை 70ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 900. எடை குறைக்க ஒரு நாளைக்கு இத்தனை கலோரியில் தொடங்கலாம். அதற்கப்புறம் டாக்டர் எடையைப் பார்த்துக் கூட்டுவார், குறைப்பார்.

கணக்கைப் பார்த்தால் பெரியம்மா சொன்ன "பெடிகிரி, அவ்வளவுதான்" மட்டுமே ஜூலியின் ஒரு நாள் தேவையைத் தொட்டுவிட்டது. இட்லி, பிஸ்கட், சாதம், சப்பாத்தி எல்லாம் அதற்கு மேல். யாரும் அளவுக்கு மீறி ஊட்டவில்லை. அன்பாகத்தான் கொடுத்தார்கள். கூட்டிப் பார்க்காமல் கொடுத்தார்கள்.

எதை வாங்குவது?

பழைய உணவையே பாதியாகக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். கொஞ்சம் குறைக்கலாம். ரொம்பக் குறைத்தால் வேறு சிக்கல் வரும். சாதாரண ட்ரை ஃபுட்டில் புரதம், வைட்டமின், தாது எல்லாம் முழு அளவு சாப்பிடும் நாய்க்கென்று கணக்கிட்டுக் கலந்தவை. பாதி போட்டால் அவையும் பாதிதான் போய்ச் சேரும்; கொழுப்போடு தசையும் கரையும். எடைக் குறைப்புக்கென்று ராயல் கேனின், ஹில்ஸ் போன்ற நிறுவனங்கள் தனி உணவு வைத்திருக்கின்றன. அவற்றில் புரதமும் நார்ச்சத்தும் கூடுதல், கொழுப்பு குறைவு. வயிறு நிறையும், கலோரி குறையும். விலை அதிகம்தான், டாக்டரைக் கேட்டே வாங்க வேண்டும். நிறைய இறக்க வேண்டிய நாய்க்கு அந்தச் செலவு தகும். இரண்டு மூன்று கிலோ மட்டும் குறைய வேண்டிய நாய்க்கு இப்போது சாப்பிடும் உணவையே அளந்து, மேல்தீனியை நிறுத்தினால் பெரும்பாலும் போதும்.

பாக்கெட்டின் முன்பக்கம் 'லைட்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். பின்பக்கத்தைப் படியுங்கள். கலோரி அச்சிட்டிருந்தால் நல்லது. இல்லையென்றால் நாமே கணக்கிடலாம். உதாரணமாகப் புரதம் 26, கொழுப்பு 10, நார்ச்சத்து 8, ஈரப்பதம் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சாம்பல் என்று 8 சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் 100இலிருந்து கழித்தால் மிச்சம் 38, அது மாவுச்சத்து. புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5ஆலும் கொழுப்பை 8.5ஆலும் பெருக்கிக் கூட்டினால் 309. நூறு கிராமில் அத்தனை கலோரி. கடையில் நின்றபடியே இரண்டு பாக்கெட்டுகளை இப்படி ஒப்பிட்டுவிடலாம்.

வீட்டுச் சாப்பாடு மட்டுமே போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கறிக்கடையில் வாங்கிவரும் தோலும் கழிவுக் கொழுப்பும்தான் பல நாய்களின் எடைக்குக் காரணம். அளவுக்கு மீறிய கொழுப்பு கணையத்தைப் புண்ணாக்கும், உயிருக்கே ஆபத்தாகும். தோல் நீக்கிய சிக்கன், அவித்த காய், அளந்த சாதம் என்று மாற்றினால் கலோரி குறையும். ஆனால் சோறும் சிக்கனும் மட்டும் மாதக்கணக்கில் போட்டால் கால்சியமும் வைட்டமின்களும் பற்றாது. எதைச் சேர்ப்பது, எவ்வளவு என்பதை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெந்த எலும்பு எப்போதும் வேண்டாம், சிலாம்பு குடலைக் கிழித்துவிடும். எந்த உணவுக்கு மாறினாலும் ஒரு வாரம், பத்து நாளில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி மெல்ல மாறுங்கள். இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு வரும்.

எவர்சில்வர் டப்பா

எங்கள் வீட்டில் பலித்த ஏற்பாடு இது. சமையலறைத் தராசு ஒன்று வாங்கினோம். கப், டம்ளர் எல்லாம் சரிப்படாது. ஒருவர் தலைதட்டிப் போடுவார், இன்னொருவர் கோபுரமாகக் குவிப்பார். காலையில் அன்றைய எடைக் குறைப்பு உணவு 270 கிராமை எடை போட்டு ஒரு எவர்சில்வர் டப்பாவில் கொட்டிவிடுவேன். பக்கத்தில் ஒரு சின்ன டப்பா. அதில் நறுக்கிய வெள்ளரிக்காய், உப்பில்லாமல் அவித்த பீன்ஸ், கேரட். மேல்தீனி மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. ஜூலிக்கு 90 கலோரி. பிஸ்கட் என்றால் மூன்றோடு நின்றுவிடும். வெள்ளரிக்காய் என்றால் கைநிறையக் கொடுக்கலாம்.

வீட்டில் யார் ஜூலிக்கு எது கொடுக்க நினைத்தாலும் அந்த இரண்டு டப்பாவிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். மாமனார், என் மகள், வேலைக்கு வரும் அக்கா, மூவருக்கும் அதே பேச்சு. யாருடைய கையையும் தட்டிவிடவில்லை, கொடுக்கிற சந்தோஷம் எல்லோருக்கும் அப்படியே இருக்கிறது. டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். மாமனார் முதலில் "பீன்ஸையா நாய் தின்னும்?" என்றார். இப்போது காபி நேரத்தில் பீன்ஸை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பது அவர்தான். ஜூலிக்கு வேண்டியது அவர் கையிலிருந்து வருவது. பிஸ்கட்டா பீன்ஸா என்பதில் அவளுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சைலிடால் சேர்த்த இனிப்புகள் நாய்க்கு நஞ்சு. அந்த டப்பாவுக்குள் இவை எதுவும் போகக்கூடாது. சாம்பாரிலும் குருமாவிலும் வெங்காயம் இருக்கிறது என்பது நினைவிருக்கட்டும்.

கெஞ்சும் கண்கள்

முதல் சில வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். சாப்பாட்டு மேசைக்கு அடியில் முகவாயை நம் பாதத்தில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கும். அந்தப் பார்வைக்கு ஒருமுறை பணிந்தால் அடுத்த நாள் இன்னும் அரை மணி நேரம் கூடுதலாகப் பார்க்கும். நாங்கள் சாப்பிடும்போது ஜூலியைக் கூடத்தில் அவள் பாயில் படுக்க வைத்துப் பழக்கினோம். ஒரு நாள் உணவை மூன்று வேளையாகப் பிரித்தோம். தட்டில் கொட்டினால் நொடியில் விழுங்கிவிடுவாள் என்பதால், தரையில் தூவிவிட்டு மோந்து தேடித் தின்ன விடுகிறோம். 90 கிராம் தேடி முடிக்கக் கால்மணி நேரம் ஆகும். மூக்குக்கு வேலை கொடுத்தால் நாய் களைத்து நிம்மதியாகப் படுத்துக்கொள்கிறது. நம்மிடம் அது கேட்பதில் பாதி, சாப்பாடு அல்ல, நம் கவனம். கழுத்தைச் சொறிந்துவிடுங்கள், பந்து போடுங்கள், ரோமம் வாரிவிடுங்கள்.

நடையைப் பொறுத்தவரை ஒன்று தெளிவாக இருக்கட்டும். நடந்தே எடையைக் குறைத்துவிட முடியாது. 39 கிலோ நாய் இரண்டு கிலோமீட்டர் நடந்து எரிப்பதை மூன்று பிஸ்கட் திருப்பிக் கொடுத்துவிடும். ஆனால் தசை கரையாமல் இருக்கவும் மூட்டு இறுகாமல் இருக்கவும் நடை கட்டாயம் வேண்டும். குண்டு நாயை ஓட விடாதீர்கள், படி ஏற்றி இறக்காதீர்கள். வழுக்கும் டைல்ஸில் பாய் விரியுங்கள். நம் ஊர் வெயிலில் விடிவதற்கு முன் ஒரு நடை, இருட்டிய பின் ஒரு நடை. தார்ச்சாலையில் புறங்கையை ஏழு நொடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் அங்கே வேண்டாம். நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க முடியும். கொழுத்த நாய்க்கு அது இன்னும் சிரமம், வெப்பத் தாக்கு சீக்கிரம் வரும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரே தராசில் எடை பாருங்கள். பெரிய நாய்க்குக் கிளினிக் தராசு, இல்லையென்றால் அரிசி மண்டியில் கேட்டால் மேடையில் ஏற்ற விடுவார்கள். வாரத்துக்கு உடல் எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் குறைந்தால் சரியான வேகம். ஜூலிக்கு அது 400 முதல் 800 கிராம். அதைவிட வேகமாக இறங்கினால் அளவைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். நடுவில் எடை அசையாமல் நிற்கும் வாரங்கள் வரும். அப்போது டாக்டரைக் கேட்டுக் கொஞ்சம் குறையுங்கள், விட்டுவிடாதீர்கள். பலன் தெரிய ஒன்பது கிலோவும் குறைய வேண்டும் என்பதில்லை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மூட்டு நோயுள்ள குண்டு நாய்களை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வில், உடல் எடையில் ஆறு சதவீதம் குறைந்ததுமே நொண்டுவது குறையத் தொடங்கியது. ஜூலி இப்போது 32 கிலோவில் இருக்கிறாள். பின்னங்காலை இழுப்பதில்லை, மாடிக்கு நிற்காமல் ஏறுகிறாள். இன்னும் இரண்டு கிலோ பாக்கி, அவசரம் ஒன்றும் இல்லை.

உங்கள் வீட்டு நாய் கனத்திருக்கிறது என்று தோன்றினால், இந்த வாரம் மூன்று வேலை செய்யுங்கள். விலாவில் கை வைத்துப் பாருங்கள். வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு நாளில் அதற்கு என்ன கொடுக்கிறார்கள் என்று ஒரு காகிதத்தில் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள், யாரையும் குறை சொல்லாதீர்கள். அந்தக் காகிதத்தோடு நாயைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். தன் தட்டில் எவ்வளவு விழ வேண்டும் என்று அது தீர்மானிக்க முடியாது. தீர்மானிப்பவர்கள் நாம், கணக்குப் பார்க்க வேண்டியவர்களும் நாமே.